பெரிய பற்சக்கரமும் பழைய சைக்கிளின் ஆயுளும்

மலைச் சைக்கிளின் பின்சில்லிலுள்ள கசெற்றில், தயாரித்த நிறுவனம் வைத்ததைவிடப் பெரியதொரு பற்சக்கரத்தைப் பூட்டலாமா என்ற கேள்வி வெறும் இயந்திர விவகாரமாகவே பேசப்படுகின்றது. எனது அபிப்பிராயத்தில் அது இரண்டு பழைய வழக்குகளின் தொடர்ச்சியாகும். ஏற்றத்தில் இலகுவான கியரை நாடுவது பலவீனமா என்பது ஒன்று. காசு கொடுத்து வாங்கிய பொருளின் எல்லையைத் தீர்மானிப்பவர் அதைச் செய்தவரா, பாவிப்பவரா என்பது மற்றையது.

முதலாவது வழக்கில் எதிரெதிராக நின்ற இருவருமே பத்திரிகை ஆசிரியர்கள் என்பது எமது தொழிலைச் சேர்ந்தோருக்குச் சுவையான செய்தி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் டி விவி, பிரான்சின் சென் எத்தியென் நகரில் 1887 இல் சைக்கிள் சஞ்சிகையொன்றை ஆரம்பித்து, மலைப்பாதைகளுக்குப் பல கியர்கள் வேண்டும் என ஆயுள் முழுவதும் வாதாடினார். ‘லோட்டோ’ பத்திரிகையின் ஆசிரியரும் 1903 இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடக்கியவருமான ஹென்றி டெக்ராஞ்ச் அதனை ஏற்கவில்லை. அவரது பந்தயத்தில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றி, மறுபுறம் திருப்பிப் பூட்டி, அங்கிருந்த பெரிய பற்சக்கரத்தில் ஏறிச் சென்றனர். கியர் மாற்றிகளுக்கான தடை 1937 இலேயே நீங்கியது. முப்பத்தாறு பற்கள் போதாதா என இன்று ஏளனம் செய்வோர், தம்மை அறியாமலே டெக்ராஞ்சின் கட்சியில் நிற்கின்றனர்.

மலைச் சைக்கிள் என்பதே இவ்வாறான ஒட்டுவேலையில் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள், பழைய ஷ்வின் வண்டிகளை மலையில் தள்ளிச்சென்று உருட்டி இறங்கினர். திரும்ப ஏறுவதற்காகவே கேரி ஃபிஷர் போன்றோர் அவற்றில் கியர்களைப் பொருத்தினர். அந்த வண்டியைச் செய்த நிறுவனம் அதற்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். 2012 இல் ஸ்ராம் நிறுவனம், முன்னால் ஒரேயொரு பற்சக்கரமும் பின்னால் 10 முதல் 42 பற்கள் வரையான பதினொரு பற்சக்கரங்களும் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அதைப் பூட்டுவதற்குப் பின்சில்லின் குடத்திலும் புதிய பாகம் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலேயே வன்அப், வுல்ஃப் டூத் போன்ற சிறு நிறுவனங்கள், ஏற்கெனவே உள்ள பத்து வேகக் கசெற்றின் உட்புறத்தில் சேர்க்கக்கூடிய 42 பல் அலுமினியப் பற்சக்கரத்தைத் தனியாக விற்கத் தொடங்கின. முன்னால் 32 பற்கள் இருக்கும்போது, 36 பல் பின்சக்கரம் ஒரு மிதிச்சுற்றுக்கு 29 அங்குலச் சில்லை ஏறக்குறைய 2.04 மீற்றர் நகர்த்தும். 42 பல் 1.75 மீற்றர். செங்குத்தான பாதையில் ஐம்பது வயது முழங்காலுக்கு இந்த ஏழிலொரு பங்கு எவ்வளவு பெரிது என்பது ஏறியவருக்கே தெரியும்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பத்துக்கு மேல் இடமில்லாததால் ஒரு பற்சக்கரத்தை அகற்ற வேண்டும். வழமையாக 17 பல் போகும். 15 இலிருந்து நேரே 19 க்குத் தாவும்போது கால் தடுமாறும். 15, 17 இரண்டையும் எடுத்துவிட்டு 16 ஒன்றை வைப்பது மேலான வழி. கியர் மாற்றியின் மேல் உருளை பெரிய பற்சக்கரத்தில் உரசாதிருக்க, பி ஸ்குறூவை ஏறத்தாழ முழுவதுமாக உள்ளே முறுக்க வேண்டும். அப்போது சிறிய பற்சக்கரங்களில் உருளை தூரப்போய், மாற்றம் மந்தமாகும். அலுமினியம் உருக்கைவிட விரைவில் தேயும். இவ்வளவையும் அறிந்தே ஒருவர் தெரிவு செய்வாராயின், 36 வரைதான் என்ற நிறுவனக் குறிப்பு சட்டமாகாது. ஆயினும் அது வெறும் வியாபாரத் தந்திரமுமல்ல. அதற்கப்பால் நிகழ்வதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பாளியல்லர் என்பதே அதன் பொருள்.

இன்று 10 முதல் 52 வரை கடையிலேயே கிடைக்கின்றது. ஆகவே இந்த ஒட்டுவேலைக்கு அவசியமில்லை என்பர். புதிய வண்டி வாங்குவோருக்கு அது சரி. ஆனால் 2023 இல் ஸ்ராம் வெளியிட்ட கியர் மாற்றி சட்டகத்திலேயே நேரடியாகப் பூட்டப்படுவது. அதற்கென அமைந்த பின்பகுதி இல்லாத சட்டகத்தில் அது ஏறவே ஏறாது. நல்ல நிலையிலுள்ள பத்து வருட வண்டி இப்படித்தான் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்படுகின்றது. மறுபுறத்தில் தாய்வானின் மைக்ரோஷிஃப்ட், பழைய குடத்திலேயே ஏறும் 11-42 ஒன்பது வேகத் தொகுதியை விற்கின்றது. ஷிமானோவும் 2021 இல் நீண்டகாலம் தேயாத லிங்க்கிளைட் வரிசையைக் கொண்டுவந்தது. கசெற்றும் கியர் மாற்றியும் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இவற்றை நாடுவதே சிக்கனம். தேயாதிருந்தால், தனிப் பற்சக்கரம் ஒன்று கிடைக்கும்வரை அதையே பரிந்துரைப்பேன்.

பூட்டுவோர் சங்கிலியின் நீளத்தை முதலில் பார்க்க வேண்டும். கியர் மாற்றியினூடாகச் செலுத்தாமல், முன் பற்சக்கரத்தையும் 42 ஐயும் சுற்றிச் சங்கிலியைப் பிடித்து, மேலதிகமாக இரு கண்ணிகள் எஞ்சுகின்றனவா எனப் பாருங்கள். பின் அதிர்வுதாங்கி உள்ள வண்டியாயின், அதன் காற்றை இறக்கி முழுவதுமாக அமிழ்த்தியே இதை அளக்க வேண்டும். முப்பத்தாறுக்கு அளந்த பழைய சங்கிலி கட்டையாகவே இருக்கும். அதை மாற்றாமல் பெரிய பல்லுக்கு ஏற்றினால், நடுமலையில் கியர் மாற்றி முறிந்து சில்லுக்குள் போய்விடும்.