சிங்க் வேற, பேக்கப் வேற

"எல்லாம் டிரைவ்ல இருக்கு மச்சி." ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம்ல யாரைக் கேட்டாலும் வர்ற பதில் இதுதான். நாலு பேரோட ஒரு வருஷ உழைப்பு இந்த ஒரு வரியை நம்பி நிக்குது.

டிரைவ் நம்ம லேப்டாப்பில் செய்வது சிங்க். இங்கே நடப்பதை அங்கேயும் அப்படியே நடத்தும். திருத்தினால் அங்கேயும் திருந்தும். அழித்தால் அங்கேயும் அழியும். டீமுக்குன்னு ஒரே ஜிமெயில் ஐடி வச்சிருப்போம். அதில் ஒருத்தன் இடம் பத்தலைன்னு டேட்டாசெட்டைத் தூக்கினால் நாலு லேப்டாப்பிலும் போச்சு. ட்ராஷில் 30 நாள் கிடக்கும், சரி. செமஸ்டர் லீவில் எவன் ட்ராஷைத் திறந்து பார்க்கிறான்?

"கோடு கிட்ஹப்ல இருக்கே" என்பார்கள். கோடு இருக்கும். 100 எம்பிக்கு மேல் ஒரு ஃபைலை கிட்ஹப் சாதாரணமாக ஏற்காது. ட்ரெயின் பண்ணின மாடல் எங்கே?

பேக்கப் எடுப்பதோடும் வேலை முடிவதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவன எஞ்சினியர் ஒருவர், வேற சர்வர் என்று நினைத்து நிஜ டேட்டாபேஸையே அழிக்க ஆரம்பித்தார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி காலி. தினமும் ஓட வேண்டிய பேக்கப், டேட்டாபேஸ் வெர்ஷனும் பேக்கப் டூலின் வெர்ஷனும் ஒத்துப்போகாததால் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபெயில் ஆனதைச் சொல்லும் மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை! கடைசியில் காப்பாற்றியது, அதே எஞ்சினியர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு காப்பி. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். டேட்டாபேஸ் தெரிஞ்ச கம்பெனிக்கே இந்தக் கதி.

அதனால் செகண்ட் ரிவ்யூவில் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பிபிடியில் கட்டம் போட்ட ஆர்க்கிடெக்சர் படம் காட்டினது போதும். "வேற ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து போன வார ரிப்போர்ட்டைத் திரும்பக் கொண்டு வாப்பா" என்று சார் கேட்கட்டும். எத்தனை டீம் தேறும்?

செலவும் பெரிசில்லை. நாலு பேர் காசு போட்டு ஒரு ஹார்டு டிஸ்க். வாரம் ஒருநாள் செருகி, காப்பி பண்ணி, கழற்றி வையுங்கள். செருகியே வைத்தால் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஸ்க்கை டே ஸ்காலர் யாராவது வீட்டில் வைக்கட்டும். லேப்டாப் பையிலேயே போட்டு வைத்தால் பை தொலையும்போது இரண்டும் ஒண்ணாத்தான் தொலையும்.