எந்த ஏழு? கணினிப் பாடத்தின் முதல் அத்தியாயமும் எமது சமூகமும்

களனி கங்கை பெருகும் நாட்களில் கொழும்பில் உள்ள எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் ஓர் எண் வந்து சேர்கிறது. "தண்ணீர் 7க்கு வந்துவிட்டது, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்பதுதான் அதன் சாரம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டபோதும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள எனது மாணவர்களின் பெற்றோர் இத்தகைய செய்திகளை எனக்கு அனுப்பி, "சேர், இது உண்மையா?" என்று கேட்டார்கள். அவர்களில் பலருக்குக் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ பதில் சொல்ல முடியாது. எந்த 7 என்று முதலில் தெரிய வேண்டும்.

நீர்ப்பாசனத் திணைக்களம் களனி கங்கையின் நீர்மட்டத்தைப் பல இடங்களில் அளக்கிறது. மேலே ஹங்வெல்லையில் மீற்றரில் அளக்கிறார்கள். கீழே கொழும்பில், கிராண்ட்பாஸ் பக்கம் நாகலகம் வீதியில் இருக்கும் அளவுகோல் அடிக்கணக்கில் காட்டுகிறது. ஹங்வெல்லையில் 7 மீற்றர் என்றால் எச்சரிக்கை மட்டம், 8 மீற்றரில் சிறு வெள்ளம், 10 மீற்றரில் பெருவெள்ளம். நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஒரே 7 ஓரிடத்தில் "கவனமாக இருங்கள்" என்கிறது, மற்றோரிடத்தில் "பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியேற்றுங்கள்" என்கிறது. அது காலை 6 மணிக்கு ஏறிக்கொண்டிருந்த 7ஆ, மறுநாள் மாலை வடிந்துகொண்டிருந்த 7ஆ என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும்.

கணினி அறிமுகப் பாடநெறி ஒன்றின் முதல் அத்தியாயம் சொல்வது இதைத்தான். பதப்படுத்தப்படாத வெறும் எண், சொல், படம் ஆகியவை தரவு. அதை இடம், அலகு, நேரம் ஆகியவற்றோடு சேர்த்து ஒழுங்குபடுத்தி, ஒருவர் முடிவெடுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டு வந்தால் அது தகவல். எமது 10ஆம் தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடமும் இந்த வேறுபாட்டோடுதான் தொடங்குகிறது. நல்ல தகவலுக்கு என்னென்ன பண்புகள் இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே வருகிறது: அது பொருத்தமாக, முழுமையாக, சரியாக, உரிய நேரத்தில் வர வேண்டும்.

ஆனால் இந்த அத்தியாயத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகள் இரண்டு வரி மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். பாடமே சாதாரண தரத்தில் தெரிவுப் பாடங்களில் ஒன்றுதான். 12ஆம் தரத்தில் நடைபெறும் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையின் பெறுபேறு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் சேராது என்பதால், அதற்கு முதல் நாள் இரவு மட்டும் படிப்பவர்களே அதிகம். பாடசாலையை விட்டு வெளியேறியவர்கள் காலி வீதி ஓரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு நிலையத்தில் மூன்று மாதம் "கொம்பியூட்டர் கோர்ஸ்" படித்து, வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் மூன்றுக்கும் ஒரு சான்றிதழ் பெறுகிறார்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த பதிப்பு வந்ததும் பொத்தானின் இடம் மாறிவிடும். எக்செலில் வந்து விழும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் மட்டுமே காலத்துக்கும் நிற்கும், அதைத்தான் யாரும் கற்பிப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வெறும் எண் என்றே பலர் நினைக்கிறார்கள். 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக, எண்ணைப் பார்த்தவுடனே ஒரு சகோதரியின் பால், வயது, பிறந்த தினம் மூன்றும் தெரிந்துவிடும். வெள்ளக் காலத்தில் நிவாரணப் பட்டியல் என்ற பெயரில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே படமாக வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுவதைக் காண்கிறோம். உதவ நினைப்பவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.ரி.பி. இலக்கம் கேட்கும் மோசடிக்காரனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. தரவு என்றால் என்னவென்று அறியாதவருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது.

தரவைத் தகவல் என்று நம்பியதற்கு எமது சமூகம் கொடுத்த விலையை நான் நினைவூட்டத் தேவையில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் காணொளி பரவியது. அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் உறுதிப்படுத்தியது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டிருந்தன. சில நாட்களில் திகன எரிந்தது. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஷாபி விவகாரத்தில் "4,000" என்ற எண் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. யார் எண்ணினார்கள், எந்தப் பதிவேட்டிலிருந்து எண்ணினார்கள் என்று அன்று கேட்டவர்கள் மிகச் சிலர். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்ன பிறகும் அந்த எண் பலருடைய மனதில் அப்படியே இருந்தது.

சட்டம் இதைச் சரிசெய்யும் என்று சிலர் நினைக்கலாம். 2018 மார்ச்சில் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் தடைசெய்தது, வதந்தி நிற்கவில்லை. பேஸ்புக் நிறுவனம் தனது பங்குக்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்தான். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கும் என்ற அச்சத்தை எமது மத்தியிலும் உண்டாக்கியது. சட்டமும் மன்னிப்பும் செய்தி பரவிய பின்னரே வருகின்றன. பரவுவதற்கு முன் தடுக்கக்கூடியவர், கைத்தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே.

மற்றவர்கள் எம்மைப் பற்றிப் பரப்பியதை மட்டும் பேசி நாம் தப்பிவிடவும் முடியாது. தேர்தல் வந்தால், வெளிநாட்டில் யுத்தம் வந்தால், நோய் வந்தால், திகதியும் இடமும் இல்லாத படங்களை நாமும்தான் அனுப்புகிறோம். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியின் வாசகத்தை மட்டும் பார்க்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, அறிவிப்பாளரின் நினைவாற்றல் எப்படிப்பட்டது என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார்கள். கணினிப் பாடத்தில் இதற்கு "தரவு பற்றிய தரவு" என்று பெயர். ஸனதுக்குப் பெயர்போன சமூகம் ஸனத் இல்லாத செய்தியை நொடியில் அனுப்பி வைப்பது எமக்கு அழகல்ல.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் நடத்தும் வார இறுதிக் கணினி வகுப்புகளில் முதல் இரண்டு வாரங்களைக் கணினியைத் திறக்காமலே கற்பிக்கலாம். மின்கட்டணப் பட்டியல், வெள்ள அறிவித்தல், அடையாள அட்டை, வட்ஸ்அப் செய்தி ஆகியவையே பாடநூல். தாய்மார்களையும் அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும், குடும்பக் குழுமங்களில் செய்தியை நகர்த்துபவர்கள் அவர்களும்தான். பாடசாலைகளில் பொதுத் தகவல் தொழினுட்பப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை அதிபர்கள் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாக் குழுமத்திலும் ஒரே ஒரு விதியைப் போட்டு வைக்கலாம்: இடம், அலகு, நேரம், மூலம் ஆகிய நான்கும் இல்லாத எண்ணை யாரும் பதியக் கூடாது. சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். அடுத்த பருவமழைக்கு முன்னர் இந்த விதியை எல்லாக் குழுமங்களிலும் நடைமுறைக்குக் கொண்டு வருவது குழும நிர்வாகிகளின் கையில் இருக்கிறது.