"அது எங்கள் இலாகா அல்ல!"

சர்க்கார் காரியாலயங்களில் ஒரு வாக்கியம் உண்டு. அதைக் கேட்காமல் படியிறங்கி வந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. "அது எங்கள் இலாகா அல்ல, ஐயா!" இந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

நீங்கள் தருமபுரி ஜில்லாவில், அரூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்துக்கும் காட்டுக்கும் எல்லை எது என்பதில் தகராறு. 10 ரூபாய் கட்டணத்துடன் கலெக்டர் ஆபீஸுக்கு மனுப் போடுகிறீர்கள். காகிதமோ வன இலாகாவில் இருக்கிறது. அல்லது 1965-ல் தருமபுரி தனி ஜில்லாவாகும் முன்பே எழுதப்பட்டு, சேலத்திலேயே தங்கிவிட்டது. மனு குப்பைக் கூடைக்குப் போகவேண்டியதுதானா?

இல்லை. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 6(3)-வது பிரிவு, தெளிவாகச் சொல்கிறது: ஐந்து நாளைக்குள் மனுவை உரிய இடத்துக்கு அனுப்பி, அந்த விவரத்தை உங்களுக்கும் தெரிவிக்கவேண்டும். அலையவேண்டியது காகிதம், நீங்கள் அல்ல!

இன்னொரு சங்கடமும் உண்டு. தஸ்தாவேஜு கலெக்டர் ஆபீஸிலேயே இருக்கிறது. ஆனால் எழுதியது வேறு இலாகா. மேலே 'இரகசியம்' என்று முத்திரை. "எழுதியவர் அவர், கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது நானா?" என்று அதிகாரி தயங்குகிறார். அந்தப் பயம் நியாயமானதே. துப்புக் கொடுத்தவரின் உயிருக்கு ஆபத்து வரலாம். நடக்கும் விசாரணை கெடலாம்.

அதற்கும் வழி இருக்கிறது. ஐந்து நாளைக்குள் அந்த இலாகாவுக்கு எழுதிக் கேட்கவேண்டும். ஆட்சேபம் சொல்ல அவர்களுக்குப் பத்து நாள். மனு வந்த நாற்பது நாளுக்குள் முடிவு. ஆனால் ஒன்று: கேட்பது அபிப்பிராயம், அனுமதி அல்ல. முடிவு செய்யவேண்டியவர் மனுவை வாங்கிய அதிகாரியே. ஒரு பக்கத்தில் இரண்டு வரி ஆகாது என்றால், அந்த இரண்டு வரியை மட்டும் மறைத்து மீதியைக் கொடுக்கலாம். அதற்கு 10-வது பிரிவு இருக்கிறது.

"ஒரு காகிதத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பீர்கள். இதே அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20-ல், சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி மூன்று இலாகாவினர் சேர்ந்து அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி கோர்ட் 2011-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வன இலாகாவினர் 126 பேர், போலீஸார் 84 பேர், ரெவினியூ இலாகாவினர் 5 பேர். 2023-ல் சென்னை ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

மூன்று இலாகா சேர்ந்து செய்த காரியத்துக்கு, ஒவ்வொரு இலாகாவும் மற்றதைக் கை காட்டினால் ஜனங்கள் எங்கே போவார்கள்? இருபது வருஷத்துக்கு முந்திய சங்கதி என்றால், தேசப் பாதுகாப்பு, சட்டசபை உரிமை, மந்திரிசபைக் காகிதம் போன்ற சில காரணங்கள் தவிர மற்றவற்றைக் காட்டி மறுக்கவும் முடியாது. அந்தப் பெண்களின் பெயரை அச்சிடக்கூடாது என்பது வேறு சட்டம். மிகவும் நியாயமான சட்டம். மறைக்கவேண்டியது அவர்களுடைய பெயரை; அவர்களுக்கு நடந்ததை அல்ல.

மறுத்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முப்பது நாளைக்குள் மேலதிகாரிக்கு அப்பீல். அங்கும் பலிக்காவிட்டால் தொண்ணூறு நாளைக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

ஆகவே, இனி யாராவது "அது எங்கள் இலாகா அல்ல" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "சரி ஸார், யாருடைய இலாகாவோ அவர்களுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கையில் மட்டும் மனுவின் நகலும், தேதி போட்ட ரசீதும் இருக்கட்டும்!