காசநோயும் நம் சங்கங்களின் கடமையும்

கண்டாங்கி நெய்யும் வீடுகள் பலவற்றில் தறியும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ்தான். அத்தகைய வீட்டில் ஒருவருக்குக் காசநோய் கண்டால் என்ன செய்வது? எழுபதாண்டுகளுக்கு முன் மருத்துவர் பலரும் கூறிய விடை ஒன்றே: தாம்பரம் போன்ற சானடோரியத்துக்கு அனுப்புங்கள், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமும் வேண்டும். படுக்கை கிடைத்தாலல்லவா அனுப்புவதற்கு!

இக்கருத்தைச் சோதித்தறியவே 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கைகோத்தன. ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மற்றவரைச் சானடோரியத்திலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். இன்னார் இங்கே என்று தீர்மானிக்கும் உரிமை மருத்துவருக்கும் இல்லை. இதுவே அச்சோதனையின் உயிர்நிலை. நோய் முற்றியவரை ஓரிடத்திலும் இலேசானவரை வேறிடத்திலும் வைத்திருந்தால், முடிவை யார் நம்புவர்?

1959-ல் முடிவு வெளிவந்தது. ஆண்டிறுதியில் நோய் அடங்கியோர் வீட்டில் 86 சதவிகிதம், சானடோரியத்தில் 92 சதவிகிதம். நெரிசலான குடிசையில் அரைவயிற்றுக்கு உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினர். உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் ஆபத்து மிகவில்லை. 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

அப்படியானால் உணவு முக்கியமன்று என்று சிலர் கருதிவிட்டனர். அது அவசர முடிவு. மருந்துண்ணும் நோயாளி தேறுவது ஒரு கேள்வி. உடனிருப்போர் நோயில் விழாதிருப்பது மற்றொரு கேள்வி. பின்னதற்கு விடை 2023-ல்தான் கிடைத்தது. சேத்துப்பட்டு நிலையத்தாரும் பங்குகொண்டு ஜார்க்கண்டில் நடத்திய சோதனை அது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கவனித்தனர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவு தரப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் மற்றவர்களுக்கும் மாதந்தோறும், பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரைகளும் தந்தனர். அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவிகிதம் குறைந்தது.

மத்திய அரசு 2024 நவம்பர் முதல் நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. வரவேற்கிறோம். ஆயினும் நோயாளியின் கணக்கில் விழும் பணமும், வீட்டார் அனைவரின் இலையில் விழும் பருப்பும் ஒன்றல்ல. சோதிக்கப்பட்டது பருப்பே. 2022-ல் ஏற்பட்ட நிக்ஷய் மித்ரா திட்டத்தின்படி கூட்டுறவுச் சங்கங்களும் உணவுப் பொட்டலம் வழங்கலாம். நோயாளியின் வீட்டாருக்கும் வழங்க இப்போது இடமுண்டு.

சங்கப் பணம் நூலுக்கும் உரத்துக்கும் உரியது என்று சில அங்கத்தினர் ஆட்சேபிக்கக்கூடும். கணக்குப் பார்ப்போம். நோயாளி நீங்கலாக நால்வர் கொண்ட வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி, 6 கிலோ பருப்பு, ஆறு மாதம். விளைவிப்போர் நம் அங்கத்தினரே; நியாய விலைக்கு அவர்களிடமே வாங்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். பெறுவோர் பெயர் மட்டும் அறிக்கைப் பலகையில் ஏறக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே, நோயாளியின் சம்மதத்துடன், பொட்டலம் வீடு சேரட்டும்.