கலைவாணரின் பல்லைப் பிடுங்கும் பாராட்டுக்காரர்கள்

ஆகஸ்டு 30 வந்தால் போதும், நவம்பர் 29 வந்தால் போதும், என். எஸ். கிருஷ்ணன் படத்துக்கு மாலை விழுந்துவிடும். மேடையேறுகிற கனவான்கள் இரண்டே இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். ஒன்று: “யார் மனமும் புண்படாமல் சிரிக்க வைத்தார்.” மற்றொன்று: “வாரி வாரி வழங்கிய வள்ளல்.” பத்திரிகை மலர்களில் இதுவே பாட்டு. தொலைக்காட்சியிலும் இதுவே பல்லவி.

இந்த இரண்டையும் சொல்லி முடித்தபின் நம் முன்னால் நிற்கிற மனிதர் யார்? நல்ல தமாஷ்காரர், தாராளமான கையுள்ளவர், பாவம், கடைசியில் கஷ்டப்பட்டார். அவ்வளவுதான்! இப்படிப்பட்ட ஒருவருக்கு மாலை போட யாருக்கும் சங்கடமில்லை. ஜாதித் திமிர் பிடித்தவரும் போடலாம், கூலியைப் பிடித்து வைத்திருக்கும் பட முதலாளியும் போடலாம். பல்லைப் பிடுங்கிய பாம்பைத் தொட்டுக் கும்பிட யாருக்கென்ன பயம்?

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். யார் மனமும் புண்படவில்லையா?

1949ல் வெளிவந்த நல்லதம்பி படத்தில் கிந்தனார் சரித்திரம் என்றொரு கதாகாலட்சேபத்தை நடத்தினார் கிருஷ்ணன். (நமது வாலிபர்களில் பலருக்குக் கிந்தனார் என்ற பெயரே தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. யார் காட்டினார்கள் அவர்களுக்கு?) அதன் மகிமையை அறிய வேண்டுமானால் முதலில் நந்தனாரை நினைத்துக்கொள்ள வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை பாகவதர்கள் சபைக்குச் சபை பாடி வந்தார்கள். 1935லும் 1942லும் அது சினிமாவாகவும் வந்தது. சேரியிலே பிறந்த நந்தன் தில்லைக்குப் போக ஆசைப்படுகிறான். பண்ணையாரின் காலடியில் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறான். முதலில் வயல் வேலையை முடித்துவிட்டு வா என்கிறார் அவர். கடைசியில் தில்லையில் நெருப்பில் இறங்கி, ‘சுத்தமாகி’, ஜோதியில் கலந்துவிடுகிறான். சபையிலிருந்தவர்கள் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சேரிக்காரனைத் தெருக்கோடியிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

கிருஷ்ணன் என்ன செய்தார்? அதே பாகவதர் தோரணை, அதே சங்கீதம், அதே பக்கவாத்தியம். ஆனால் நந்தன் கிந்தனாகிவிட்டான், தில்லை பட்டணமாகிவிட்டது, தரிசனம் படிப்பாகிவிட்டது. சேரிப் பையன் படிக்க ஆசைப்படுகிறான். ஊர் விடவில்லை. ரயிலேறுகிறான். ரயிலோட்டத்தின் தாளத்தையே கதாகாலட்சேபத்துக்குள் கொண்டுவந்து கொட்டகையைக் குலுக்கினாரே, அது வெறும் வேடிக்கைக்காகவா? பண்ணையாரிடம் உத்தரவு கேளாமல் ஏறக்கூடிய வாகனம் ஒன்று வந்துவிட்டது என்று அந்தத் தாளம் சொல்லிற்று. கிந்தன் ஜோதியில் கலக்கவில்லை! படித்து, உத்தியோகஸ்தனாகி, உயிரோடும் சம்பளத்தோடும் ஊருக்குத் திரும்பி வருகிறான்.

இதைக் கேட்டு யார் மனமும் புண்படவில்லை என்றால், அந்த ஊரில் ஒரு பண்ணையாரும் இல்லை, ஜாதி பார்க்கும் ஒரு வாத்தியாரும் இல்லை என்றல்லவா அர்த்தம்? இருந்தார்கள். புண்பட்டார்கள். புண்பட வேண்டும் என்றே அவர் சொன்னார். அந்தப் புண் இன்னும் ஆறவும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஜாதிக் கொடுமையைப் பள்ளிக்கூடத்தில் முறையிட்டதற்காக ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்களே, வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தானே! கிந்தன் ரயிலேறி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அவன் போய் இறங்கிய இடத்திலும் அரிவாள் காத்திருக்கிறது. இந்த நிலையில் கலைவாணரை ‘யாரையும் நோகடிக்காதவர்’ என்று புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதையா?

இந்தக் கலையை அவர் பட முதலாளிகளிடம் படிக்கவில்லை. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த ஏழைப் பையன் அவர். பள்ளிப் படிப்பு சொற்பம். அவருக்குக் கிடைத்த கல்லூரி வில்லுப்பாட்டு. அந்தச் சீமையின் கோவில் கொடைகளிலே வில்லும் குடமும் உடுக்கையுமாக இரவு முழுவதும் நடக்கும் பாட்டு அது. ஒருவர் கதை சொல்லுவார். பக்கத்திலிருப்பவர் ஆமாம் போடுவார். வெறுமனே ஆமாம் போட்டால் கூட்டம் தூங்கிவிடும். ஆகவே நடுநடுவே, “அதெப்படி?” என்று குறுக்குக் கேள்வி போடுவார். கிருஷ்ணன் சினிமாவுக்குக் கொண்டுவந்தது இந்த ‘அதெப்படி’யைத்தான். டி. ஏ. மதுரமும் அவரும் பேசிக்கொள்ளும் எந்தக் காட்சியையும் பாருங்கள். ஒருவர் ஊர் நம்புவதைச் சொல்லுவார். மற்றவர் ஒன்றுமறியாதவர் போலக் கேள்வி கேட்பார். மூன்றாவது கேள்வியில் ஊர் நம்பிக்கை குடை சாய்ந்துவிடும். அறிவாளிக் கேள்விகளைப் பல இடங்களில் மதுரத்தின் வாயில் வைத்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெண்பிள்ளை பேசினாலே அடக்கமில்லை என்ற காலம் அது.

வில்லுப்பாட்டிலிருந்து டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி. அங்கிருந்து சினிமா. 1935ல் மேனகா, 1936ல் சதி லீலாவதி. அதற்குப்பின் இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்.

அந்தப் படங்களைத் தயாரித்த விதம் இருக்கிறதே, அது ஒரு தனிக் கதை. படக்கதை ஒரு பக்கம் நடக்கும். பெரும்பாலும் புராணம் அல்லது ராஜா ராணி. கிருஷ்ணனின் கோஷ்டி, புளிமூட்டை ராமசாமி போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, தன் காட்சிகளைத் தானே யோசித்து, தானே எழுதி, தனியாக நடித்துக் கொடுக்கும். முதலாளி அதை வாங்கி, சோற்றுக்கு ஊறுகாய் வைப்பதுபோல் படத்தில் அங்கங்கே வைத்துக்கொள்வார். படம் ஓடாது என்ற பயம் வந்தால் ஊறுகாயைக் கூடுதலாக வைப்பார். முதலாளிக்கு வேண்டியது டிக்கெட் வசூல். ஊறுகாயில் என்ன காரம் இருக்கிறது என்று அவர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை!

இந்த ஓட்டையைத்தான் கிருஷ்ணன் பயன்படுத்திக்கொண்டார். ஒரே படத்தில் இரண்டு குரல்கள். கதை பக்தி செய்யும், தமாஷ் பகுத்தறிவு பேசும். கதை ராஜாவைக் கும்பிடும், தமாஷ் ராஜாவின் சேவகனுக்குப் பின்னால் நின்று சிரிக்கும். 1940ல் வந்த சகுந்தலையில் எம். எஸ். சுப்புலட்சுமியின் சங்கீதமும் ரிஷிகளின் ஆசிரமமும் ஒரு பக்கம், செம்படவர்களாக வந்த கிருஷ்ணனும் டி. எஸ். துரைராஜும் மறு பக்கம். தரை டிக்கெட்டுக்காரன் எந்தப் பக்கம் இருந்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

பிறகு வந்தது சிறை. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற மஞ்சள் பத்திரிகைக்காரர் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கிருஷ்ணனும் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைதாகி, 1945ல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார்கள். இந்த இருவரும் நடித்த ஹரிதாஸ் கைதுக்குச் சற்று முன்பு 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நினைத்துப் பாருங்கள்! சிரிக்க வைத்தவர் கம்பிக்குள்ளே. அவர் சிரிப்பு கொட்டகையிலே. வசூல் கல்லாப் பெட்டியிலே.

வெளியே மதுரம் சோர்ந்து உட்காரவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் காப்பாற்றினார். அந்தக் குழுவின் பைத்தியக்காரன் நாடகம் 1947ல் படமாகவும் வந்தது. கலைவாணரைப் பற்றிப் பேசும் மேடைகளில் மதுரம் ‘மனைவி’யாக மட்டும் அரை வாக்கியத்தில் வந்து போகிறார். உண்மையில் பாதிக் கலைவாணர் மதுரம்தான்.

பாகவதருக்குச் சிறைக்குப்பின் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. கிருஷ்ணனுக்குத் திரும்பியது. ஏன்? பாகவதரின் சங்கீதமும் ஜரிகை வேஷ்டியும் ஒரு காலத்துக்கு உரியவை. ‘அதெப்படி’ என்ற கேள்விக்கோ அப்போதுதான் காலம் பிறந்திருந்தது. அண்ணாதுரையின் எழுத்தில் நல்லதம்பி வந்தது. கருணாநிதியின் வசனத்தில், தாமே டைரக்ட் செய்து, 1951ல் மணமகளையும் 1952ல் பணத்தையும் தந்தார். 1955ல் வந்த முதல் தேதியில் மாதச் சம்பளக்காரனின் வாழ்வை ஒரே பாட்டில் பிட்டு வைத்தார். மாதத்தின் முதல் இருபது நாளுக்கும் கடைசிப் பத்து நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவ்வளவு எளிதாக எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் விளக்கியதில்லை.

அவரை நம் கட்சிக்காரராக்கிக் காட்டும் உத்தேசம் நமக்கில்லை. அவர் அண்ணாதுரையின் தோழர். காந்தியிடத்தில் பக்தி கொண்டவர். 1951ல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தவர். குறைகளும் உண்டு. நல்லதம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் ஜமீன் சொத்து கைக்கு வந்த நாட்டுப்புறத்தான், அதை ஏழைகளுக்காகச் செலவிட முனைகிறான். நல்ல மனசுதான். ஆனால் ஜமீன் நல்லவன் கைக்கு வந்தால் போதும், குடியானவன் கஷ்டம் தீரும் என்றால், நல்லவன் வராத ஊரில் குடியானவன் என்ன செய்வான்? மதுவிலக்குப் பிரசாரத்திலும் இதே கோளாறு. குடிக்கிறவனைக் கிண்டல் செய்த அளவுக்கு, அவனைக் குடிக்கத் தள்ளிய வாழ்க்கையை அவர் கிண்டல் செய்யவில்லை.

இதிலிருந்துதான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறோம்: ‘வள்ளல்’. அவர் கொடுத்தார் என்பது பொய்யல்ல. கையிலிருந்தபோது கொடுத்தார், இல்லாதபோது கடன் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லிப் பேச்சாளர்கள் உருகுகிறார்கள். ஒரு கேள்வியை மட்டும் எந்தப் பேச்சாளரும் கேட்பதில்லை. அவர் வாசலில் வந்து நின்றவர்கள் யார்?

பாய்ஸ் கம்பெனியில் சோற்றுக்காகச் சேர்ந்து, குரல் உடைந்ததும் வேஷம் போய்த் தெருவுக்கு வந்த நடிகர்கள். ஸ்டூடியோவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் துணை நடிகர்கள். உயரத்தில் ஏறி விளக்குப் பிடிப்பவர்கள், செட்டுப் போடும் தச்சர்கள், பக்கவாத்தியக்காரர்கள். அன்றாடக் கூலி. படம் நின்றால் கூலி நிற்கும், விழுந்து கால் ஒடிந்தால் வீடு. அவர் ஒருவருடைய சட்டைப்பைதான் கோடம்பாக்கத்தின் பிராவிடண்டு பண்டாக இருந்தது! அந்தப் பையில் ஓட்டை விழுந்ததும், அதாவது 1957ல் 48 வயதில் கடனோடு அவர் கண்ணை மூடியதும், பண்டும் மூடிக்கொண்டது.

இது வள்ளல்தனத்தின் பெருமையா, பட உலகத்தின் வெட்கக்கேடா? ஒரு தொழிலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தமாஷ் நடிகரின் நல்ல மனசை நம்பிப் பிழைக்க வேண்டியிருந்தது என்றால், அந்தத் தொழிலின் லாபம் எங்கே போயிற்று? நிமாய் கோஷும் எம். பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்ட அலைந்தார்களே, அது இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான். எழுத்து மூலமான ஒப்பந்தமில்லாமல் சினிமாத் தொழிலாளியிடம் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் 1981ல்தான் வந்தது. கலைவாணர் செத்து 24 ஆண்டுகள் கழித்து. அந்தத் தனிச் சட்டத்தையும் 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். வள்ளலைப் பற்றி உருகிய எந்த மேடையிலாவது இதற்கொரு கண்டனம் கேட்டதுண்டா?

அவருக்குப்பின் வந்த சிரிப்பு எங்கே போய் நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாரையும் ஒரே கோலால் அடிக்க விரும்பவில்லை. அவரிடம் பயின்ற சுப்பு ஆறுமுகம் 2022ல் மறையும்வரை அந்த வில்லைக் கீழே வைக்கவில்லை. ஆனால் ஊறுகாய் வியாபாரம் செழித்த அளவுக்குக் காரம் செழிக்கவில்லை. கறுப்பு நிறம் சிரிப்பு, பருத்த உடம்பு சிரிப்பு, திக்குவாய் சிரிப்பு, ஏழையின் கிழிந்த சட்டை சிரிப்பு. ஒருவன் உதைப்பான், மற்றவன் உதைபடுவான். கொட்டகை உதைக்கிறவன் பக்கம் நின்று சிரிக்கும். இதைச் செய்கிறவர்களும் விழா மேடையில் ஏறி, கலைவாணர் எங்கள் குரு, யார் மனமும் புண்படாமல் சிரிக்க வைத்தவர் என்கிறார்கள். கறுத்த பெண்ணின் மனம் மனமில்லை போலும்!

தியாகராய நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில் அண்ணாதுரை நோயோடு வந்து திறந்து வைத்தது. வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020லிருந்து 2022 வரை, தமிழ்நாடு சட்டமன்றமே அங்கேதான் கூடிற்று. மந்திரிகளும் எதிர்க்கட்சிக்காரர்களும் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நுழைந்து வெளியேறினார்கள். 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதியே இல்லை. மிஞ்சிய கலைவாணர் படங்களையாவது தேடிச் சேர்த்து, சுத்தப்படுத்தி, அதே அரங்கத்தில் கட்டணமில்லாமல் காட்டுவதற்கு என்ன தடை?

அடுத்த ஆகஸ்டு 30 அன்று பேச்சாளர்கள் உட்காரட்டும். விளக்கை அணைத்துவிட்டுக் கிந்தனாரைத் திரையிடுங்கள். நாங்குநேரியிலும் திரையிடுங்கள். அதன் பிறகு மேடையேறிச் சொல்லுங்கள் பார்க்கலாம், யார் மனமும் புண்படவில்லை என்று!