கிளி எடுத்த சீட்டும் ஜோசியர் எடுத்த காசும்

கிளி ஜோசியத்தைப் பற்றி நாம் எழுத ஆரம்பித்தால், "போயும் போயும் ஒரு கிளிப்பிள்ளையோடா சண்டைக்குப் போகிறீர்கள்?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நமக்குக் கிளியோடு யாதொரு சண்டையும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த வியாபாரத்திலே பொய் பேசாத ஜீவன் அது ஒன்றுதான். அது எடுத்துப் போடும் சீட்டுக்கு அர்த்தம் சொல்லுகிறார்களே, அந்த அர்த்தத்தோடுதான் நமக்குச் சண்டை.

புதுக்கோட்டை திருவப்பூர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாக் கூட்டத்தில், ஒரு ஜோசியர் பக்கத்தில் நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். கிளி வெளியே வந்தது; ஒவ்வொரு சீட்டாக அலகால் இழுத்துப் போட்டது; ஜோசியர் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு நெல்லைக் கொடுத்தார்; கிளி கூண்டுக்குள் போய்விட்டது. வந்த படம் ராமர் பட்டாபிஷேகம். கேட்க வந்தவர் ஒரு விவசாயி. "ஐயா, ராமர் பதினாலு வருஷம் காட்டில் பட்ட கஷ்டத்தை நீங்களும் பட்டுவிட்டீர்கள், இனிமேல் பட்டாபிஷேகந்தான், கிணறு ஊறும்" என்று அர்த்தமாயிற்று.

சற்றுநேரம் பொறுத்து ஓர் அம்மாள் வந்தார். புருஷன் அரபு நாட்டுக்கு வேலைக்குப் போய், எட்டு மாதமாகப் பணமும் இல்லை, போனும் இல்லை. அவருக்கும் அதே ராமர் படமே வந்தது. ஆனால் இப்போது பட்டாபிஷேகம் எங்கேயோ ஓடிப்போயிற்று! "தாயே, ராமர் சீதையைப் பிரிந்த மாதிரி பிரிவு, நடுவிலே ஒரு ராவணன் செய்வினை வைத்திருக்கிறான், தாயத்துக் கட்டினால் வீட்டுக்காரர் வருவார்" என்று அர்த்தமாயிற்று. தாயத்துக்குத் தனிக் காசு.

தோழர்களே! படம் ஒன்று, அர்த்தம் இரண்டு. இது எப்படி முடிந்தது? ராமர் கதையில் நாடும் உண்டு, காடும் உண்டு, சேர்வதும் உண்டு, பிரிவதும் உண்டு. முருகன் படம் வந்தால் வள்ளி கல்யாணமும் சொல்லலாம். கோபித்துக்கொண்டு பழனிமலை ஏறியதையும் சொல்லலாம். லட்சுமி என்றால் வருவாள் என்றும் சொல்லலாம், போவாள் என்றும் சொல்லலாம். ஆகவே ஜோசியர் படித்தது சீட்டையல்ல. அந்த விவசாயியின் வெடித்த காலையும், அந்த அம்மாளின் கலங்கிய கண்ணையுமேயாகும்.

"பலித்திருக்கிறதே!" என்பார்கள். பலித்த கதையையும் பார்ப்போம். 2010-ம் வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின்போது, சிங்கப்பூரில் நம் தமிழ் ஜோசியர் ஒருவரின் 'மணி' என்னும் கிளி, கால் இறுதி நான்கையும், ஸ்பெயின் ஜெர்மனியை ஜெயிக்கும் என்பதையும் சரியாகச் சொல்லிற்றென்று உலகமெங்கும் பேச்சாயிற்று. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து என்று சீட்டு எடுத்தது. ஜெயித்ததோ ஸ்பெயின்! 32 பேர் ஆளுக்கு ஐந்து தடவை காசு சுண்டினால், சராசரியில் ஒருவருக்கு ஐந்தும் சரியாகவே விழும். அவரை யாராவது ஞானி என்று கும்பிடுவார்களா?

2024 பார்லிமெண்டுத் தேர்தலில் கடலூரில் நின்ற தங்கர் பச்சான் அவர்கள் ஜெயிப்பார் என்று ஒரு கிளி ஜோசியர் சொன்னார். அடுத்தாற்போல் வனத்துறையார் வந்து ஜோசியரைப் பிடித்தார்கள். கிளியைக் கூண்டிலடைப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓட்டு எண்ணியபோது தங்கர் பச்சான் அவர்கள் மூன்றாவதாக வந்தார். ஊரார் விதியையெல்லாம் சீட்டிலே காட்டும் கிளிக்கு, தன் எஜமானனைப் பிடிக்க ஆள் வருவது தெரியவில்லை. தன்னை வலைபோட்டுப் பிடித்து இறக்கையை நறுக்கப்போவது தெரிந்திருந்தால், அது கூண்டுக்கே வந்திருக்குமா?

நிற்க, மரத்தடியிலிருக்கும் அந்த ஏழையைப் பிடித்ததோடு காரியம் முடிந்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. அவர் வயிற்றுக்காகச் செய்கிறார். 2001-ம் வருஷத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, சர்வகலாசாலைகளிலேயே ஜோசியப் படிப்பு நடத்த வழி செய்ததே, அதை என்னவென்று சொல்லுவது? கூண்டும் கிளியும் இல்லாவிட்டால் பித்தலாட்டம் சாஸ்திரமாகிவிடுமா?

"பத்து இருபது ரூபாய்தானே, போனால் போகிறது" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போவது ரூபாய் மாத்திரமல்ல. கிணறு ஏன் வற்றிற்று? கண்மாய் ஏன் தூர்ந்தது? தைலமரக் காடு நிலத்தடி நீரைக் குடிக்கிறதென்று இந்த ஜில்லா விவசாயிகள் வருஷக்கணக்காய்ப் போராடுகிறார்களே, அவர்களோடு சேர்ந்து அந்த விவசாயி கேட்கவேண்டிய கேள்வி போய்விட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு புருஷனை அனுப்பிய ஏஜெண்டு எங்கே என்று அந்த அம்மாள் கேட்கவேண்டிய கேள்வியும் போய்விட்டது. ராவணன் இருப்பது வாஸ்தவந்தான்; ஆனால் அவன் விலாசம் சீட்டிலே இல்லை, ஏஜெண்டு கொடுத்த ரசீதிலே இருக்கிறது!

1990-களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்திலே ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். எந்தக் கிளி அவர்களுக்குச் சைக்கிள் யோகம் என்று சீட்டு எடுத்தது? விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள்.

அந்த அம்மாளிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். பாஸ்போர்ட்டு நகலையும் ஏஜெண்டு ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாமும் கூட வருகிறோம்." வந்தார், மனுவுக்கு நம்பர் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தார்கள். தோழர்களே, கையிலே வைத்துக்கொள்ள வேண்டிய சீட்டு அதுதான். அதற்கு ஒரே ஓர் அர்த்தந்தான் உண்டு. பதில் வராவிட்டால் மறுபடியும் போய்க் கேட்கலாம்.