கரண்ட் இருக்கு, படம் இல்லை



போன சனிக்கிழமை காலை யாழ்ப்பாணம் குருநகரில் இருந்து ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். நீண்ட காலமாக எங்கள் இதழை எடுப்பவர். சந்தா விஷயமாக்கும் என்று நினைத்தேன்.

"ஐயா, மகன்ர கொம்பியூட்டர் செத்துப்போச்சு. லைட் எரியுது, ஃபான் சுத்துது, படம் மட்டும் வரேல்லை. மதர்போர்ட் போயிட்டுதாம், புதுசு எடுக்கட்டாம் எண்டு கடையில சொல்லுறாங்கள். ஏ.எல். சோதினை கிட்டுது. என்ன செய்யிறது?"

"தங்கச்சி, உங்கட வீட்டுக்காரர் நடுக்கடலில எஞ்சின் நிண்டால், புது எஞ்சின் வாங்கவா நினைப்பார்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

உண்மையில் என்ன செய்வார்கள்? முதலில் டாங்கியை ஆட்டிப் பார்ப்பார்கள். பிறகு எண்ணெய்க் குழாய். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவார்கள். பத்தில் எத்தனை தரம் அதோடு எஞ்சின் பிடித்துவிடுகிறது! கரைக்கு வந்ததும் அதே எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவாமல் யாராவது வீட்டுக்குப் போவார்களா? குருநகரைப் பழையவர்கள் கரையூர் என்று சொன்ன காலத்திலிருந்தே அந்த ஊருக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டின் முன்னறையில் இருக்கிற கணினிக்கு மட்டும் ஏன் அந்த வைத்தியம் இல்லை?

நான் கணினி படித்தவன் அல்ல. இதழ் வேலைக்காக இருபது வருடமாக இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படம் வராத கணினி எல்லாம் செத்த கணினி இல்லை.

முதலில் திரையைப் பாருங்கள். 'நோ சிக்னல்' என்று எழுத்து வருகிறதா? அப்படியென்றால் மொனிட்டர் உயிரோடு இருக்கிறது, அதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பின்னால் போகிற வயரை இரண்டு பக்கமும் கழற்றி இறுக்கிப் பூட்டுங்கள். கிராபிக்ஸ் கார்ட் தனியாகப் போட்ட கணினி என்றால் பின்புறத்தில் படத்துக்கான வாய் இரண்டு இடத்தில் இருக்கும். கூட்டும்போது பிள்ளைகள் வயரை மேலே மதர்போர்டில் குத்திவிடுவார்கள். கார்டில்தான் குத்த வேண்டும். இந்த ஒன்றுக்காக ஓட்டோ பிடித்துக் கடைக்குப் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

அதிலும் சரிவராவிட்டால், சந்தேகப்பட வேண்டியது ரேம், அதாவது மதர்போர்டில் குத்தி நிற்கிற நினைவகத் தகடு. அதற்கு எதிரி உப்பு. மழைக்காலத்தில் குசினியில் உப்புப் போத்தலைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து கட்டிபட்டுக் கிடக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சோளகக் காற்று கடனீரேரியைத் தாண்டி நேரே குருநகருக்குள் வருகிறது. அது கொண்டுவருகிற கண்ணுக்குத் தெரியாத உப்பும் புழுதியும் கணினிக்குள்ளேயும் போய் உட்காருகின்றன. மாரி வந்து வாடை வீசும்போது அந்த உப்பு கசிகிறது. ரேமின் பொன்னிறப் பற்களில் ஒரு மெல்லிய படலம் பிடித்தால் போதும், ஃபான் எல்லாம் சுற்றும், படம் வராது.

மருந்து, பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருக்கிறது. அழிறப்பர். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கிற கரண்ட் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி அந்தப் பொன்னிறப் பகுதியை மெதுவாகத் தேயுங்கள். தும்பைத் தட்டிவிட்டு, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். இதற்குப் பொறியியலாளர் வேண்டாம், பொறுமை போதும்.

"ஃபான் சுத்துதுதானே, அப்ப பவர் சப்ளை நல்லம்தானே?" என்றும் அந்த வாசகி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஃபான் மிகவும் இளகிய மனம் கொண்ட சாமான். அதற்கு 12 வோல்ட் வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் முணுமுணுக்காமல் சுற்றும். மதர்போர்ட் அப்படியில்லை. 3.3, 5, 12 என்று மூன்று அளவும் சரியாக வந்தபிறகு பவர் சப்ளை அதற்கு ஒரு சைகை கொடுக்க வேண்டும். 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். ஒழுங்கில் இதுதான் நடைமுறை. மணி அடித்தபிறகுதானே பூசை தொடங்கும்? அந்தச் சைகை வராவிட்டால் ஃபான் எவ்வளவு சுற்றினாலும் பிராசஸர் எழும்பாது.

பொத்தானை அமர்த்தியதும் ஃபான் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறதா? எங்கோ ஷோர்ட் இருக்கிறது, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அமர்த்த வேண்டாம். எங்கள் அலுவலகக் கணினி ஒன்று இப்படி நின்றபோது உள்ளே காய்ந்துபோன ஒரு பல்லி கிடந்தது. பின்பக்கத்தில் யாரோ கழற்றிய தகட்டைத் திரும்பப் பூட்டாமல் விட்டதால் வந்த வினை. ஃபான் கரகரவென்று சத்தம் போட்டால் புழுதி, அல்லது உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது. கணினி வேலை செய்கிறது, பவர் சப்ளை ஃபான் மட்டும் சுற்றவில்லை என்றால் உடனே பயப்படாதீர்கள். சில புது ரகங்கள் சூடேறும்வரை ஃபானை நிறுத்தியே வைத்திருக்கும். பழைய ரகம் என்றால், அல்லது கருகல் மணம் வந்தால், அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றுங்கள்.

இனி நான் கெஞ்சிக் கேட்கிற ஒன்று. கணினிப் பெட்டியைத் திறக்கலாம், ஆனால் அதற்குள் இருக்கிற பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். நம் சுவரில் வருகிற 230 வோல்ட், அதற்குள் இருக்கிற பெரிய கொண்டன்சரில் 325 வோல்ட் அளவில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஃபானுக்கு எண்ணெய் விடப்போய்க் கையைச் சுட்டுக்கொள்வானேன்? வெளியே நின்று பிரஷால் தூசு தட்டுவதோடு நம் வேலை முடிந்தது. மிச்சம் தெரிந்தவரின் கைக்கு.

கனடாவில் இருந்து பெட்டி அனுப்புகிற சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகனுக்கு என்று ஆசையோடு பழைய டெஸ்க்டொப்பைக் கட்டி, கப்பலில் போட்டு விடுகிறீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். பழைய பவர் சப்ளைகளின் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு சுவிச் இருக்கும், அது 115 இல் நிற்கும். பெட்டி பிரிக்கிற சந்தோஷத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்? இங்கே குத்திய கணத்தில் 'டமார்'. ஒரு கடதாசியில் "முதலில் சுவிச்சை 230க்கு மாற்று" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். லேபலில் 100-240 என்று இருந்தால் கவலையே இல்லை.

கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். (குரங்கின் பக்க நியாயத்தை யாரும் கேட்கவில்லை.) கரண்ட் போவதைவிட அது திரும்பி வருகிற கணம்தான் கணினிக்கு ஆபத்து. தெருவில் எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே நேரத்தில் கிளம்ப, வோல்டேஜ் ஏறி இறங்கும். போனதும் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து ஐந்து பத்து நிமிடம் கழித்துக் குத்துங்கள். யூ.பி.எஸ். வாங்க வசதியில்லாத வீட்டில் செய்யக்கூடியது இதுதான்.

பவர் சப்ளை மாற்றத்தான் வேண்டும் என்றால், கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள்தானே நாங்கள்? '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், தூக்கினால் பிஸ்கட் பெட்டி போல இருக்கும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத வீட்டுக் கணினி சாதாரண வேலைக்கு 100 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். அதனால் பெரிய இலக்கம் தேவையில்லை. உள்ளே சரக்கு இருக்கிற, உத்தரவாதத் துண்டு தருகிற நடுத்தரமான ஒன்று போதும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். போர்க்காலத்தில் பட்டரிக்குத் தடை, பெட்ரோலுக்குத் தடை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, ஜாம் போத்தலில் விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். அந்த ஆட்களின் வீட்டில், படம் வரவில்லை என்றதும் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் புதுக் கணினிக்குக் கடன் கேட்பதா? கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் ஒரு நாளில் இருபது பெட்டி வந்து நிற்கும். நாங்கள் அழிறப்பரால் தேய்த்துவிட்டுப் போனால், "இது இது பார்த்தாச்சு" என்று சொல்லலாம். அப்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஜூலையில் குருநகர் யாகப்பர் கோயில் திருவிழா வரும்போது வீட்டைக் கழுவித் துடைப்பீர்கள்தானே? அன்றைக்குக் கணினியையும் முற்றத்து நிழலுக்குக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, ஒரு பிரஷால் தட்டி விடுங்கள். நத்தாருக்கு முன் இன்னொரு தரம்.

திங்கட்கிழமை பின்னேரம் அதே வாசகி திரும்ப அழைத்தார். மகன் ரேமைத் தேய்த்துப் போட்டானாம், படம் வந்துவிட்டதாம். ஆனால் குரலில் சந்தோஷம் முழுதாக இல்லை.

"ஐயா, அது 2012 ஆம் ஆண்டு எண்டு காட்டுது. இன்ரநெட்டில பாதி திறக்குதில்லை."

திகதி பிழைத்தால் அப்படித்தான், பல இணையத்தளங்கள் நம்பித் திறக்காது. மதர்போர்டில் நாணயக் குற்றி போல வட்டமாகப் பளபளவென்று ஒன்று இருக்கும், மேலே சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட் பட்டரி, மணிக்கூடு திருத்துகிற கடையில் கேட்டாலே தருவார்கள் என்றேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ, எழுதுறன்" என்றார். பிறகு யாரையோ கூப்பிட்டார். "அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுட்டான், ஐயா."

அன்புடன்,
ஆசிரியர்